சொந்தக் கதை கூடாது

"வேற தலைப்பே கிடைக்கலையாடி உனக்கு? அப்பா போய் மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள பக்கவாதத்தைப் பத்தி—"

"அதனாலதாம்மா! நாளைக்கு வகுப்புல பேசணும், குறுக்கே பேசாதே."

மகள் அலமாரிக் கண்ணாடி முன் மறுபடி நிமிர்ந்து நிற்கிறாள். சாயங்கால வெயில் அப்பாவின் காலி நாற்காலியில் விழுந்து கிடக்கிறது. தகவல் உரையில் சொந்தக் கதை கூடாது என்று ஆசிரியர் சொல்லியிருப்பதால் குரலை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு பேசுகிறாள். "ஒரு கை திடீரென்று பலமிழக்கும். பிடித்திருக்கும் பொருள் நழுவும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்." துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிடுகிறது. பாதி மடித்த சட்டையின் கை ஒன்று அவள் மடியிலிருந்து தொங்குகிறது.

"அன்னைக்குக் காலையில டம்ளரைக் கீழே போட்டாரே… 'கையில என்ன வெண்ணெயா'ன்னு திட்டிட்டு நான் தரையைத் துடைச்சிக்கிட்டு இருந்தேனே, அப்பவே ஆரம்பிச்சிடுச்சாடி?"