பால்குடி மறக்காத குட்டி

"மெனுவுல லேம்ப்னு போட்டிருந்தா அது சாதா ஆட்டுக்கறி இல்ல சம்பந்தி. பால்குடி மறக்காத குட்டி. வாயில வெச்சா கரையும்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

கல்யாணம் பேச வந்திருந்த பெண்ணின் அப்பா ஒரு துண்டை வாயில் வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கடைசியில் கறித்துண்டோடு கடைவாய்ப் பல்லும் கையில் வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா சர்வர் மேல் பாய்ந்தார். "கிழட்டு ஆட்டை லேம்ப்னு சொல்லித் தலையில கட்டுறீங்களா? முதலாளியைக் கூப்பிடுய்யா!"

ஓட்டல் முதலாளி ஓடி வந்தார். ஆளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அண்ணே, நீங்களா! இளங்குட்டின்னு சத்தியம் பண்ணி நேத்து நீங்க வித்துட்டுப் போன ஆடுதாண்ணே இது!"

பெண்ணின் அப்பா பல்லைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளைக்கு வயசு என்னன்னு சொன்னீங்க?"