கோடரி விழும் தூரம்

வானம் வெளுத்துவிட்டது. புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கி எழுப்பிய நான்கு சுவர்கள், மேலே நாணல் கூரை, கூரையின் துளை வழியாக மெல்லப் புகை. ஊர்ப் பொதுமேட்டில் ஒரே இரவில் வீடு கட்டி, சூரியன் எழுமுன் அடுப்புப் புகையைக் காட்டிவிட்டால் வீடு நமக்கே சொந்தம் என்பது எங்கள் வேல்ஸ் மலையில் வழக்கம். வாசலில் நின்று வீசும் கோடரி விழும் இடம்வரை நிலமும் சொந்தம். ஓடையோ நாற்பது தப்படிக்கு அப்பால் மின்னுகிறது. உதவிக்கு வந்த எங்களோடு இரவெல்லாம் மண்கட்டி சுமந்த வீட்டுக்காரன் இத்தெலுக்குக் கை நடுங்குகிறது. “மச்சான், இந்தக் கையால வீசினா உங்க கால்லதான் விழும்” என்று சிரிக்கிறான் அவன் மனைவி மாலியின் அண்ணன் மைரிக். இத்தெல் கோடரியை மாலியிடம் நீட்டுகிறான். “நீயே வீசு புள்ள.” “ஐயோ, ஊரு சிரிக்கும்ங்க.” “சிரிக்கட்டும். ஓடை நம்ம பக்கம் வரலேன்னா, ஆயுசுக்கும் அடுத்தவன்கிட்ட தண்ணிக்குக் கெஞ்சப்போறவ நீதானே?” மாலி மண் அப்பிய உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொள்கிறாள். பல்லைக் கடித்து வீசுகிறாள். முதல் வெயிலில் பளபளத்துப் புரண்ட கோடரி, ஓடையைத் தாண்டி ஈரமண்ணில் குத்தி நிற்கிறது. “அம்மாடி! சின்ன வயசுல உன்கூட சண்டை போட்டும் உயிரோட இருக்கேனே!” என்கிறான் மைரிக். கோடரியை எடுக்க நாங்கள் எல்லோரும் கத்திக்கொண்டு ஓடுகிறோம். மாலி மட்டும் வீட்டுக்குள் போய் வாளியோடு வருகிறாள்.