அக்கா தேர்ந்தெடுத்த பம்ப்

"இந்தப் பெரிய பம்ப் வேண்டாம்" என்றார் அக்கா, நான் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே.

தம்பியின் முகம் வாடிவிட்டது.

அவர் பஸ் டிரைவர். காக்கிச் சட்டையோடு, வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தார். என் மீன்தொட்டிக் கடைக்குள் நுழைந்ததுமே அந்தப் பம்பைப் பார்த்து மயங்கிவிட்டார். எனக்கும் அதை எப்படியாவது தள்ளிவிட ஆசை. வெகுநாளாக அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

டிரைவர் வீட்டு ஹாலில் உப்புநீர் மீன்தொட்டி. தொட்டி நிறைந்து வழிகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாக அடியில் இருக்கும் சின்னத் தொட்டிக்கு இறங்கும். அங்கே சுத்தமாகி, பம்ப் தள்ள, மறுபடி மேலே ஏறும். ராத்திரி பகலாக இதே வேலை.

காலையில் பம்ப் மண்டையைப் போட்டுவிட்டது. மீன்களுக்கு மூச்சு முட்டாமல் இருக்க அவர் மனைவி ஒரு மக்கை வைத்துக்கொண்டு தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறாராம். அந்த அம்மாவின் கை ஓய்வதற்குள் நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

டிரைவர் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டதால் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். வியாபாரத்துக்கு நல்லது.

"அக்கா, பெருசா இருந்தா தண்ணி நல்லா சுத்தும். மீனுக்கும் நல்லது."

அவர் என் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியின் மேல் எழுதியிருந்ததை மூக்குக்கண்ணாடியை உயர்த்திவிட்டுப் படித்தார்.

"மணிக்கு இத்தனை லிட்டர்னு போட்டிருக்கே, இது சும்மா ஓடுறதுக்கா, மேல ஏறுறதுக்கா?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. சும்மா ஓடுவதற்குத்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

அதோடு விட்டாரா? பரீட்சை வைத்தார். மேஜை மேல் ஒரு வாளி, தரையில் ஒரு வாளி. மேல் வாளியின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, அவர்கள் வீட்டுத் தொட்டியில் இருக்கிற அதே அளவில் ஒரு வடிகுழாய். குழாயின் அளவை நூல் பிடித்து எடுத்து வந்திருந்தார். பம்ப் ஏற்றுகிற தண்ணீர் எல்லாம் அந்தக் குழாய் வழியாகக் கீழே இறங்கிவிட வேண்டும்.

டிரைவர் ஸ்டூல் மேல் ஏறி, பம்பிலிருந்து வரும் ஏறுகுழாயைத் தூக்கி, அதன் முனை மேல் வாளிக்குள் முங்கும்படி பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் ஓட்டுகிறவர் டிராஃபிக் போலீஸ் ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

முதலில் பெரிய பம்ப். ஸ்விட்சைப் போட்டேன். தண்ணீர் பாய்ந்து ஏறியது. டிரைவர் ஸ்டூல் மேலிருந்தே பூரித்துப்போனார்.

வடிகுழாயால் ஈடு கொடுக்க முடியவில்லை. மேல் வாளி நிறைந்து, ததும்பி, மேஜையில் வழிந்து, என் செருப்பு வரைக்கும் வந்துவிட்டது. நான் சிரித்தேன். டிரைவரும் சிரிக்கப் பார்த்தார்.

அக்கா சிரிக்கவில்லை. ஈரத் தரையைப் பார்த்தார். அப்புறம் தம்பியைப் பார்த்தார். அவர் சிரிப்பை வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டார்.

அடுத்து சின்ன பம்ப். பார்க்க ஏழைதான். ஆனால் ஏறுகிற அளவுக்கே இறங்கியது. மேல் வாளியில் தண்ணீர் கோடு போட்ட மாதிரி நின்றது.

"இப்ப கரண்ட் போச்சுன்னு வெச்சுக்குங்க" என்றார் அக்கா.

ஸ்விட்சை அணைத்தேன். மேலே இருந்த தண்ணீர் ஏறுகுழாய் வழியாகவே திரும்பி இறங்கி, கீழ் வாளியை நிரப்ப ஆரம்பித்தது. ஏறுகுழாயின் மேல்முனையில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்னதாக ஒரு ஓட்டை போட்டு, மறுபடி ஓடவிட்டு அணைத்துக் காட்டினேன். மட்டம் ஓட்டைக்குக் கீழே போனதும் காற்றை இழுத்துக்கொண்டு குழாய் நின்றுவிட்டது. கீழ் வாளி தப்பித்தது.

அக்கா முகத்தில் அப்போதுதான் வெளிச்சம். ஆனாலும் இன்னொரு முறை செய்யச் சொல்லிப் பார்த்தார். டிரைவருக்குக் கை கடுத்திருக்கும். குழாயைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"சின்னதே கொடுங்க" என்றார் அக்கா. கிளம்பும்போது ஏதோ நினைவு வந்து, உறைய வைத்த பொடி இறாலும் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டார். பாறையை விட்டு வெளியே வராத ஒரு கூச்சக்காரன் தொட்டியில் இருக்கிறானாம், அவனுக்காம்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. எனக்கும் கூடப் பிறந்த அக்கா ஒருத்தி இருக்கிறாள். என் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது அவளுக்கு.

"கூடப் பிறந்தவங்கன்னா இப்படி இருக்கணும்" என்றேன் டிரைவரிடம், பையை நீட்டிக்கொண்டே.

அவர் காதைச் சொறிந்துகொண்டார்.

"கூடப் பிறந்தவங்க இல்லைங்க. எங்களுக்கு நேர் கீழ் வீடு. தொட்டி இருக்கிற இடத்துக்கு அடியிலதான் அக்காவோட கட்டில். ரெண்டு தடவை நனைஞ்சுட்டாங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். ஈரம் படாமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்றிருந்தார், இறால் பாக்கெட்டோடு.

"தொட்டியையே எடுத்துடச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மீன் என்னங்க பண்ணுச்சு, பாவம்?"