உட்கார வைக்கணும்

"வாயில குழாயோட கெடக்காரு. மெஷின்தான் மூச்சு குடுக்குது. இப்பப் போயி உக்கார வைக்கேங்கியே, தம்பி?"

ஐ.சி.யூ.வில் கணவரின் கட்டிலை மறித்து நின்றாள் செண்பகம்.

"படுத்தே கெடந்தா கைகால் விளங்காமப் போயிரும்மா," என்றான் பிசியோதெரபிஸ்ட் செந்தூர்வேல்.

"குழாய் உருவிக்கிட்டா? உயிருக்கு நீ பொறுப்பா?"

"நர்ஸ் குழாயைப் பிடிச்சுக்கிடுவாங்க."

"வேண்டாம். இன்னும் ரெண்டு நாளு போகட்டும்."

செந்தூர்வேல் விடவில்லை. "இதே எடத்துல நின்னு எத்தனையோ பேரு இப்படிக் கெஞ்சுனாங்க. இந்தா படுத்திருக்க சார் யாருக்கும் விட்டுக்கொடுக்கலியேம்மா. வென்டிலேட்டர்ல இருக்கவங்களை எழுப்பி உக்கார வைக்கதை இந்த ஆஸ்பத்திரியில ஆரம்பிச்ச டாக்டரே அவருதான?"

செண்பகம் கணவரைப் பார்த்தாள். விழித்திருந்த அவர், சரி என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தார். அவள் விலகினாள்.

நர்ஸ் குழாயைப் பிடித்துக்கொள்ள, செந்தூர்வேல் தாங்கிப் பிடிக்க, டாக்டர் பாண்டியராஜ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கால்கள் வெடவெடத்தன. முகம் வேர்த்தது. முதுகைத் தாங்கியிருந்த செந்தூர்வேலின் கையை அவர் மெல்லத் தள்ளினார்.

"வலிக்கு போல. படுக்க வையி தம்பி," என்று பதறினாள் செண்பகம்.

"வலியில்லம்மா. பிடிக்காதங்காரு."

செந்தூர்வேல் கையை எடுத்தான். டாக்டர் விழவில்லை.