கொடி மூலை

"துணிக்கொடி கட்டியிருக்கிற மூலைதான்டா சரி" என்றாள் நாத்தனார்.

கேட்டுக்கொண்டிருந்த தம்பி மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நாளாகவே வீட்டில் இதே கூத்து. தோட்டத்தில் சின்னதாக ஒரு சதுப்பு வேண்டுமாம் அவள் கணவருக்கு. தண்ணீர் தேங்கினால் கோரை முளைக்கும், தவளையும் தட்டானும் தானாக வந்து சேருமாம். வரட்டும், யார் வேண்டாம் என்றது? எங்கே என்பதில்தான் ரகளை.

அவர் காட்டிய இடத்துக்கெல்லாம் அக்காக்காரி முட்டுக்கட்டை போட்டாள். மரத்தடியில் சருகு விழுந்து அழுகுமாம். மதிலோரம் வெயில் போதாதாம். சுற்றிச் சுற்றி, கடைசியில் இவள் துணி காயப்போடும் மூலைதான் கண்ணை உறுத்தியதா?

"அது பள்ளம். மழை பெஞ்சா தண்ணி அங்கதான் நிக்குது. வெயிலும் நல்லா அடிக்குது" என்றாள் நாத்தனார்.

அவர் அப்போதே மண்வெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"அப்ப துணியை எங்க காயப்போடுறது, என் தலையிலயா?"

"மொட்டை மாடி இருக்கே" என்றார், வெகு சுலபமாக.

போன வாரத்திலிருந்து விண்விண்ணென்று தெறிக்கும் முழங்காலோடு, ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறப்போவது இவரா? சமையலறை வாசலை ஒட்டியே வெயில் படும் சிமெண்டுத் தரை இருக்கிறது. அங்கே கொடி கட்டித் தரச் சொல்லி அவள் கேட்காத நாளில்லை. ஆனால் அது அவருடைய காரின் இடம். அதன் மேல் ஒரு கைக்குட்டைகூடத் தொங்கக்கூடாது. இதெல்லாம் தெரிந்தும் நாத்தனார் இப்படிச் செய்கிறாளே என்று அவளுக்கு வயிறெரிந்தது.

சாயங்காலத்துக்குள் குழி தயார். கொடிக்கம்பங்கள் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. அவர் குழியைச் சுற்றிச் சுற்றி வந்து பூரித்துப்போனார்.

நாத்தனார் ஒரு கம்பத்தைத் தூக்கிக்கொண்டு நேரே காரிடம் போய் நின்றாள்.

"வண்டியைத் தெருவுல விடு. கொடி இனிமே இங்கதான்."

"தெருவுல விட்டா எவனாவது கீறிடுவான்க்கா. மாடியில..."

"கீறட்டும். போன வாரம் அந்தப் பள்ளத்துச் சேத்துல உன் பொண்டாட்டி வாளியோட வழுக்கி விழுந்துட்டா. சன்னல்லேருந்து பாத்துட்டு நான் ஓடி வர்றதுக்குள்ள எழுந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி துணியை மறுபடி அலச உக்காந்துட்டா."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"சதுப்பு மதிலோரத்துலயும் வந்திருக்கும்டா. உன் தவளைங்களை அந்த மூலையில குடிவச்சாத்தான் உன் காரு இங்கேருந்து நகரும்னு தோணுச்சு."