முதல் ரகமா, இரண்டாவதா?

மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் அந்த ரிம்மை வைத்திருந்தார் இன்ஸ்பெக்டர்.

ஏரியைத் தூர் வாரியபோது கிடைத்தது. ஒரு சைக்கிள். அதோடு எலும்புகள்.

சைக்கிள் பிரேமில் பொறித்திருந்த எண், முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய ஒரு புகாரோடு ஒத்துப்போனது. காலைப் பயிற்சிக்குக் கிளம்பிய சைக்கிள் பந்தய வீரர் வீடு திரும்பவில்லை என்று அவருடைய மனைவி எழுதிக் கொடுத்த புகார்.

அந்த மனைவி எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய கொழுந்தன், காணாமல் போனவரின் தம்பி. ஊரில் பந்தயச் சக்கரம் கட்டுவதென்றால் அவர் கைதான். அதனால்தான் அவரையும் வரச் சொல்லியிருந்தார் இன்ஸ்பெக்டர்.

இறந்தது அண்ணன்தான். அதில் சந்தேகமில்லை. எப்போது இறந்தார் என்ற கட்டம் மட்டும் படிவத்தில் காலியாக இருந்தது. எலும்பை வைத்து வருடம் சொல்ல முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

ரிம் சொல்லும்.

கொழுந்தன் நிதானமாக விளக்கினார். இந்த ரிம்மில் இரண்டு ரகம். நிறம், அகலம், முத்திரை எல்லாம் அச்சு அசல் ஒன்றே. ஸ்டிக்கர் இருந்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். அது தண்ணீரோடு போய்விட்டது. மிஞ்சியிருப்பது ஒரே வித்தியாசம். முதல் ரகத்தில் ஸ்போக்ஸ் கம்பி ஏறும் ஓட்டைகள் வெறும் ஓட்டைகள். இரண்டாவதில் ஒவ்வொரு ஓட்டைக்கும் மோதிரம் போட்ட மாதிரி ஒரு சின்ன, துருப்பிடிக்காத எஃகு வளையம். அந்த ரகம் கடைக்கு வந்ததே அண்ணன் காணாமல் போய் மூன்று வருடம் கழித்துத்தான்.

சக்கரத்துக்குமா ஜாதகம் என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர். அந்த அறையில் அவர் மட்டும்தான் சிரித்தார்.

முதல் ரகம் என்றால் காணாமல் போன தேதியையே எழுதி, கோப்பை மூடிவிடலாம். இரண்டாவது என்றால் மனிதர் மூன்று வருடமாவது உயிரோடு இருந்திருக்கிறார். எங்கே, யாரோடு என்று தோண்ட வேண்டிவரும்.

அண்ணி விரல்களை இறுகக் கோத்துக்கொண்டார்.

ஓடிப்போய்விட்டான் என்று உறவில் கிசுகிசுத்த ஒவ்வொருவர் வாயையும் அவர் ஒரே பேச்சால் அடைத்திருந்தார். உயிரோடிருந்தால் என்னிடம் வந்திருப்பார். முப்பத்தொரு வருடம் அந்த ஒரு பேச்சின் மேல்தான் நின்றது.

இன்ஸ்பெக்டர் ஒரு துணியை நீட்டினார். கம்பிகளெல்லாம் உதிர்ந்து, ரிம் முழுக்கச் சேறு சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. ஓர் ஓட்டைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

கொழுந்தன் துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியை மாட்டினார். குனிந்து, ரிம்மை ஒரு சுற்றுச் சுற்றினார்.

முதல் ரகம் என்றார்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து படிவத்தின் மேல் குனிந்தார்.

அண்ணி எழுந்து மேசைக்கு வந்தார். கட்டைவிரலால் ரிம்மில் ஓரிடத்தை அழுத்தித் தேய்த்தார். சேறு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

வளையம் மின்னியது.

அதை அப்படியே விரலால் மூடினார்.

“தம்பி சொல்றது சரிதான் சார். அந்தத் தேதியே போட்டுக்கோங்க.”

இன்ஸ்பெக்டர் போட்டுக்கொண்டார். அண்ணி கையெழுத்திட்டார்.

வெளியே படியிறங்கும்போது கொழுந்தன் தாங்கலாகக் கை நீட்டினார். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“துடைச்சுப் பாக்கவே இல்லையே தம்பி” என்றார், திரும்பாமல். “இந்தச் சக்கரத்தைக் கட்டித் தரச் சொல்லி உங்ககிட்ட எப்ப வந்தாரு?”