கல்லறைக்குத் தண்ணீர்

"செத்துப்போனவனுக்காக ஜெபம் பண்றது எங்க முறையில இல்லைம்மா" என்று சொல்லிவிட்டார் பாஸ்டர் ஞானாபரணம்.

கெங்கம்மாள் அவர் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஒரே மகன் சின்னதம்பியை முந்தின நாள்தான் புதைத்திருந்தோம். புளி உலுக்க ஏறியவன், கிளை முறிந்து விழுந்துவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதாக இருந்தது.

"எம் புள்ள இப்ப எங்க இருக்கான் ஐயா? அத்த மட்டும் சொல்லுங்க."

பாஸ்டர் வேதப் புத்தகத்தைத் திறந்து ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். "ஞானஸ்நானம் எடுக்காம போனவங்களுக்கு அவியாத அக்கினிதாம்மா."

"அக்கினின்னா?"

"நெருப்பு."

அவள் எழுந்து போய்விட்டாள்.

எனக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஆகாது. எனக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்னால் என் குடுமியைக் கத்தரித்த மனிதர் அவர். அந்தக் கோபமே எனக்கு ஆறவில்லை. இப்போது இது வேறு.

மறுநாள் விடிந்ததும் கெங்கம்மாள் ஊற்றில் ஒரு குடம் மொண்டுகொண்டு மேடேறினாள். மகன் கல்லறை மேல் ஊற்றினாள். இறங்கினாள். மறுபடி மொண்டாள். மறுபடி ஏறினாள்.

"யக்கா, இன்னா பண்ற?"

"சுடுமில்ல அர்ச்சுனா. புள்ளைக்குச் சுடுமில்ல."

பொழுதுக்கும் அதே வேலை. வாயில் ஒரு பருக்கை படவில்லை. காய்ந்த மண்ணில் தண்ணீர் விழும்போது 'சுர்' என்று ஒரு சத்தம் வரும். அவள் குனிந்து காதை வைப்பாள்.

"கேட்டியா? இன்னும் கொதிக்குது."

சில நாளில் மண் கரைந்து, மேலே அடுக்கிய கற்கள் சரிய ஆரம்பித்தன. ஊர் பயந்துவிட்டது. அந்தப் பக்கம் விறகு பொறுக்கக்கூட யாரும் போகவில்லை.

என் வீட்டுக்காரி வசந்தி கூழ் கொண்டுபோனாள். "சாமி அப்டியெல்லாம் எரிக்காதுக்கா. அதுக்கு மனசு உண்டு."

"அது நீ சொல்றது. அவரு புஸ்தகத்தத் தொறந்து வெச்சிக்கினு சொன்னாரு."

பொறுக்க முடியாமல் நான் பாஸ்டரிடம் போனேன்.

"ஐயா, தெரியாம சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. இல்லன்னா அக்கா செத்துடும்."

"வேதத்தை மாத்திச் சொல்ல நான் யாரு, அர்ச்சுனன்?"

"அப்ப சாவட்டும்ன்றீங்க."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த நாள் காலை. மாசி மாதப் பனி மலையை மூடியிருந்தது. கெங்கம்மாளுக்கு நடை தள்ளாடியது. குடத்தைப் பிடுங்கிவிடலாம் என்று பின்னாலேயே போனேன். முன்னால் போகிறவள் முதுகுகூடத் தெரியவில்லை. குடத்துத் தண்ணீர் அலம்புகிற சத்தத்தை வைத்துத்தான் ஏறினேன்.

அவள் ஊற்றினாள்.

"எம்மா..."

தரைக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது.

"எம்மா, போதும்மா. நனைஞ்சிட்டேன். குளுருது."

எனக்குக் கால் பெயரவில்லை.

அவள் கையிலிருந்து குடம் நழுவி உருண்டது. "குளுருதா? குளுருதாடா கண்ணு?"

"குளுருதும்மா. நீ வூட்டுக்குப் போ. போய்ச் சாப்புடு."

மகன் போன பிறகு அவள் சிரித்து அப்போதுதான் கேட்டேன். "அர்ச்சுனா, கேட்டியாடா? எம் புள்ளைக்குக் குளுருதாம்! குளுருதாம்டா!"

போர்த்தியிருந்த கம்பளியை எடுத்துக் கல்லறை மேல் விரித்தாள். ஓரங்களை இழுத்துச் செருகினாள். வீட்டுக்கு வந்து, வசந்தி ஊற்றிய கூழை மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே தூங்கிப்போனாள்.

விஷயம் ஊருக்குள் பரவியது. சபைக்கு மூப்பரான தாண்டவராயன் குதித்தார்.

"செத்தவன் பேச மாட்டான், பேசினா அது பிசாசுன்னு ஐயா எத்தினி வாட்டி சொல்லிக்கிறாரு! வாடா, அவரக் கூட்டியாந்து தொரத்திடலாம்."

துரத்தினால் கெங்கம்மாள் மறுபடி குடத்தைத் தூக்குவாள். அந்தப் பயத்தில் நானும் கூடவே ஓடினேன்.

மலைக்கு அப்போது பஸ் கிடையாது. புளி ஏற்ற வரும் ஜீப்தான். அது பாஸ்டர் வீட்டு வாசலில் நின்றது. மூட்டைகளுக்கு நடுவே அவர் தன் தகரப் பெட்டியைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஐயா, பெட்டியோட கெளம்பிட்டீங்க? ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு யாரு?" என்றார் தாண்டவராயன்.

"நீங்களே கூடிப் பாடுங்க. யாரையும் பயமுறுத்தாம பாடுங்க. அந்தப் பிரசங்கம் இனிமே எனக்கு வராது."

"அத்த அப்பறம் பேசிக்கலாம். கல்லறையில பிசாசு பேசுது ஐயா! முதல்ல வந்து அத்தத் தொரத்துங்க."

பாஸ்டர் திரும்பினார். அவருடைய வெள்ளைச் சட்டையிலும் வேட்டியிலும், நெஞ்சிலிருந்து முழங்கால் வரை, ஈர மண் அப்பியிருந்தது. பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

"துரத்த வேணாம், தாண்டவராயன்" என்றார். "அது இந்த ஜீப்புலயே கீழ எறங்கிடும்."